மண்டை காயும் படங்கள்

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன், சுபாஷிணி.
லிஃப்ட் படத்தில்
ஒன்பதாம் மாடிக் கதவு திறந்தால்
கடல் தெரியாது. தேடாதீர்கள்.
கதவே திறக்காது.
அவள் நெஞ்சு நின்றுபோன நாலு நிமிடம்தான்
அந்த இரண்டேகால் மணி நேரமும்.
கடலை வைத்தது நான்.

அதற்கு ஒன்றரை வருடம் முன்னால்
மஞ்சக்குப்பத்தில் எட்டு மணி பாண்டி வண்டி.
டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது சீட்.
ஒரு ஹெட்போன், ஆளுக்கொரு காது.
பெண்ணையாற்றுப் பாலம் ஏறும்போது
படத்தை ஆன் செய்வேன்.
கிருமாம்பாக்கத்தில் அவர் இறங்கிவிடுவார்,
காலேஜ் லேபில் கைரேகை வைக்க.
நான் பாண்டி வரைக்கும், ஆஸ்பத்திரி பில் கவுன்ட்டர்.
அரியாங்குப்பம் தாண்டுவதற்குள்
கொலைகாரன் யாரென்று
எனக்கு மட்டும் தெரிந்திருக்கும்.

சாயங்காலம் ஏறியதும்
"என்ன ஆச்சு?" என்பார்,
டிக்கெட் எடுப்பதற்கும் முன்னால்.
அவர் பார்த்த படங்கள் எல்லாமே
பாதி படம், பாதி நான்.

இந்த ரோடும் அப்படி எடிட் செய்ததுதான்.
தமிழ்நாடு முடிந்து புதுச்சேரி வரும்.
பக்கத்து வயலில் இறங்கி நடந்தால்
திரும்பவும் தமிழ்நாடு,
அதற்கும் அப்பால் திரும்பவும் புதுச்சேரி.
எந்தக் காட்சியில் நிற்கிறோம் என்பதை
பீர் விலையைக் கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

நேற்று நீங்கள் ஏறி
என் பக்கத்தில், அதே சீட்டில் உட்கார்ந்து,
"இவர் சொன்ன மாதிரி ஒரு படமும் முடியலையேக்கா" என்றபோது
நான் முறுக்கு தின்றுகொண்டிருந்தேன்.
ஞாயிற்றுக்கிழமை புது டிவியில்,
கல்யாணத்துக்கு வந்த சோபாவில்,
கடைசிவரை கடலுக்காகக் காத்திருந்தீர்களாம்.
அது வேறே வெர்ஷன் என்று இளம்பரிதி சாதித்தாராம்.
அவரைத் திட்டாதீர்கள்.
அவர் கேட்டது அந்த வெர்ஷனைத்தான்.

சரி, கேட்டீர்களே, பட்டியல்.
சாட்சி படம்: ஒரே கொலையை ஐந்து பேர் சொல்வார்கள்.
நீதிபதியின் செருப்பைக் கவனியுங்கள். அவ்வளவுதான் சொல்வேன்.
வீடு ஏலத்தில் ஆரம்பித்து
கடைக்காலில் முடிகிற படம்:
நாய் குட்டியாகிக்கொண்டே வரும்,
கணக்கு இடித்தால் நாயைப் பாருங்கள்.
தபால்காரர் படத்தை இரண்டு தடவை.
முதல் தடவை அவர் கடிதம் கொடுப்பதாகத் தோன்றும்.
நடுவில் எழுந்து குக்கரை அணைக்காதீர்கள்.
எழுந்தால்
யாராவது ஒருவர் வந்து கதை சொல்ல வேண்டியிருக்கும்,
அந்த ஒருவர் எப்படிப்பட்டவரோ.

ராத்திரி எல்லாவற்றையும் எழுதிப் பார்த்தேன்,
நான் மாற்றிய முடிவுகளை மட்டும்.
பதினொன்று.
சாட்சி கோர்ட்டில் இறங்காமல் பஸ்ஸிலேயே போகிறான்.
தபால்காரர் கடைசித் தெருவைத் தாண்டியும் சைக்கிளை நிறுத்தவில்லை.
லிஃப்ட்காரி தன் மாடியை விட்டுவிட்டு
மேலே, கடல்வரை.
பதினொன்றிலும் யாரோ ஒருவர்
இறங்க வேண்டிய இடத்தில் இறங்கவில்லை.
இதை நேற்று ராத்திரிதான் கவனித்தேன்,
படம் எடுத்தவளே கடைசி ஆளாக.

அவர் "அப்படியா!" என்று வியந்து
ஒரு நாள் தவறாமல் கிருமாம்பாக்கத்தில் இறங்கினார்.

கல்யாணத்துக்குப் பிறகு வண்டி வாங்கிவிட்டார், தெரியும்.
ஹெட்போனின் இரண்டு காதும் இப்போது எனக்கு.
ஒரு பக்கம் கொஞ்சம் இரைகிறது.

இன்னும் ஒரு படம் பாக்கி இருக்கிறது.
அடுப்படி ஒரு மாநிலம், ஹால் ஒரு மாநிலம் என்று
ஒரு வீடு.
கணவனைத் தேடி போலீஸ் வரும்போதெல்லாம்
அவன் தண்ணீர் குடிக்கப் போய்விடுவான்.
முக்கால்வாசியில் நிறுத்திவிட்டேன்.
நீங்கள் பாருங்கள், சுபாஷிணி, முழுசாக.
பார்த்துவிட்டு ஒரு நாள் எட்டு மணி வண்டியில் வந்து
என்ன ஆச்சு என்று சொல்லுங்கள்.
மாற்றிச் சொன்னாலும் பரவாயில்லை.